இழவு வீட்டுக்குப் போன மாவு மூட்டை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுப் பெற்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சாம்பியாவின் மான்சா நகரத்தில், கல்லூரிக்கு எதிரே உள்ள தகரக் கூரைத் தேநீர்க்கடையில், ஒரு பிற்பகல் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் தனியே அமர்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்பதைவிட விசாரித்தாள் என்பது பொருந்தும். தாழ்ந்த குரலில் ஒரு வினாவைக் கேட்டாள். சற்றே உயர்ந்த குரலில் விடை சொன்னாள். பிறகு, எதிரே கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி எதற்கோ காத்திருந்தாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. பெருமூச்சுகூட விடாமல் அடுத்த வினாவுக்குப் போனாள்.

அந்தக் காத்திருப்பை எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். அவள் பெயரை நான் அறியேன். மழையும் நாற்காலியும் மெய். கீழே வரும் மற்றவை யாவும் நான் கட்டியவை. (மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன என்று முதற்படியில் எழுதியிருந்தேன். இருந்தது ஒன்றுதான். மற்றதை நான் வைத்தேன், இப்போது எடுத்துவிட்டேன்.)

கதை எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஆட்களை உண்டாக்கிப் பழக்கம் உண்டு. அந்த நாட்டில் நெடுங்காலம் கணக்கியல் கற்பித்தவன் நான்; மாலை வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சி வினாக்கள் எழுதித் தந்தவன். ‘இன்னார் ஐம்பதாயிரம் குவாச்சா முதலிட்டுத் தொழில் தொடங்கினார்’ என்று எழுதியவுடன் ஒரு மனிதர் பிறந்துவிடுகிறார். அவருக்குத் தாயில்லை, தலைவலியில்லை. இருப்பாய்வில் பற்றும் வரவும் பொருந்தியதும் மறைந்துபோவார். கூட்டாண்மைப் பாடத்தில், ‘கூட்டாளிகளுள் ஒருவர் ஜூன் முப்பதாம் நாள் இறந்தார், அவருடைய வாரிசுக்குச் சேர வேண்டிய தொகையைக் காண்க’ என்று எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன். எப்படி இறந்தார் என்று ஒரு மாணவர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் நேரம் போதாது.

2

தொடக்கம் அமைவது அரிதாக இருந்தது. கைவிட்டவற்றை மறைக்காமல் தருகிறேன்.

முதல் தொடக்கம்: ‘இறுதிநிலைப் பயன்பாடு குறைந்து செல் விதியின்படி, முதல் விதும்புவா உருண்டை தரும் நிறைவை மூன்றாவது உருண்டை தருவதில்லை. கலுபா மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தாள்.’ இது கெட்டிக்காரத்தனம். எண்ணெயில் பொரித்த மாவுருண்டையின் பின்னே ஒரு பெண்ணை ஒளித்துவைத்துவிட்டுப் பொருளியலைப் பேசவிடும் வித்தை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘டிசம்பரில் மான்சாவின் மாமரங்கள்—’ மரத்தைப் பற்றி யார் கேட்டார்?

மூன்றாம் தொடக்கம்: ‘கலுபாவை அந்த வளவில் எவரும்—’ இங்கே என்ன வினைச்சொல் இடுவது? வெறுக்கவில்லை. ஒதுக்கவில்லை. பழிக்கவும் இல்லை. அவள் கதவை எவரும் தட்டவில்லை, நடந்தது அவ்வளவே. நடவாத ஒன்றை எழுவாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினால் வாக்கியம் நொண்டுகிறது. அதையும் விட்டேன்.

ஆகவே, நான் அறிந்த ஒரே முறையில், வினா எழுதுவதுபோலவே தொடங்குகிறேன்.

3

கலுபா என்பவள் விதைப் பண்டகசாலை ஒன்றில் சீட்டு எழுதும் வேலையில் இருந்தாள். வயது முப்பத்தொன்று, மணமாகவில்லை. நடுவில் ஒரு தண்ணீர்க் குழாயும் சுற்றிலும் ஐந்து வாடகை அறைகளும் கொண்ட வளவில், குழாயை ஒட்டிய அறை அவளுடையது. அந்த ஊரில் பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் ‘பனா இன்னார்’, அதாவது இன்னாரின் தாய், என்றழைப்பதே மரியாதை. வளவிலிருந்த பெண்கள் அனைவரும் பனாக்கள். கலுபா மட்டும் கலுபா. வைதாலும் வாழ்த்தினாலும் அவளுக்கு அந்த ஒரே பெயர்தான்.

மாலை வகுப்பில் மற்றெல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். கணக்கியல் அடிப்படைகள் என்னும் ஒரு தாள் மட்டும் அவளை இருமுறை வீழ்த்தியது. இரண்டாம் முறை, இரண்டே மதிப்பெண்ணில். மூன்றாம் முறையே இறுதி. அதிலும் தவறினால், தேறிய தாள்களும் காலாவதியாகிப் பதிவு நீக்கப்படும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதற்கு வேண்டிய கட்டணமோ ஆண்டுகளோ அவளிடம் இல்லை.

முன்பு அவள் தனியே படித்ததில்லை. மூவர் சேர்ந்து ‘விவாதம்’ என்று உட்காருவார்கள். ஒருவர் கேட்பார், ஒருவர் விடை சொல்வார், மூன்றாமவர் ஐயுறுவார். ஐயுறுபவருக்குச் சட்டம் ஒன்றே. விடை சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் ‘யாரு சொன்னது?’ என்று கேட்டாக வேண்டும். விடை சொன்னவர் புத்தகத்தைத் திறக்காமல் மெய்ப்பிக்க வேண்டும். இந்த முறையில் கசோந்தேயை மிஞ்ச ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மாங்கொட்டையைச் சப்பியபடியே ஐயுறுவான். கேட்பவள் பெரும்பாலும் லோம்பே.

ஒருநாள் லோம்பே படித்தது பதினான்காம் வினா: “கடைக்காரர் முபாங்கா தம் கடையிலிருந்து சோளமாவு மூட்டைகள் இரண்டை ஓர் இழவு வீட்டுக்கு எடுத்துச் சென்றார். குறிப்பேட்டுப் பதிவு தருக. நான்கு மதிப்பெண்.”

“கொள்முதல் கணக்கு வரவு,” என்றாள் கலுபா. “வியாபாரச் செலவு பற்று.”

“யாரு சொன்னது?”

“நான்தான் சொல்றேன்.”

“மாவைத் தின்னது யாரு? கடையா தின்னுச்சு?”

“இழவு வீட்டுக்காரங்க.”

“முபாங்காவுக்கு அவங்க என்ன வேணும்?”

“அக்கம்பக்கம். தெரிஞ்சவங்க.”

“அப்போ அது அவரோட சொந்த விஷயம். எடுப்புல போட்டுட்டு நாலு மார்க்கை வாங்கிட்டு வீட்டுக்குப் போ.”

“சொந்த விஷயமா? இழவு வீட்டுக்குக் கைவீசிக்கிட்டுப் போன கடைக்காரன்கிட்ட மறுவாரம் எவன் மாவு வாங்குவான்? நீ வாங்குவியா?”

“கடனாக் குடுத்தா வாங்குவேன்.”

லோம்பே சிரித்தாள். கலுபா சிரிக்கவில்லை. “கடைக்குச் சுண்ணாம்பு அடிச்சா செலவு. பலகையில பேரு எழுதினா செலவு. ஊரே பார்க்க மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போனா மட்டும் சொந்த விஷயமா?”

கசோந்தே கண்ணைத் திறந்தான். “ஒண்ணு சொல்லு. முபாங்கா அழுதுக்கிட்டே தூக்கினாரா, கணக்குப் போட்டுக்கிட்டே தூக்கினாரா?”

“ரெண்டும்தான்.”

“ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கணக்குத் தலைப்பு கிடையாது, கலுபா.”

[விளக்கம், மாணவர்க்கு: கொள்முதல் கணக்கை வரவு வைப்பதில் எவருக்கும் ஐயமில்லை. கடையிலிருந்து மூட்டை போய்விட்டது. எங்கே போயிற்று என்பதில்தான் வழக்கு. உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்குச் சரக்கை எடுத்தால் எடுப்புக் கணக்கைப் பற்று வைக்க வேண்டும் என்பது விதி. விடைக்குறிப்பும் அவ்வாறே கூறும். அந்த வினா, கடைக்காரர் பெயரும் மூட்டை எண்ணிக்கையும் மாறி, ஏறக்குறைய ஒவ்வொரு தேர்விலும் வரும். கலுபா இரு தேர்வுகளிலும் ‘வியாபாரச் செலவு’ என்றே எழுதினாள், தெரியாமல் எழுதவில்லை.]

ஏன் இந்தப் பிடிவாதம்? [அவளுடைய தந்தை ஏரிக்கரையில் கடை வைத்திருந்தார். அவர் இறந்தபோது முற்றம் கொள்ளாமல்—] இதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். காரணம் கொடுத்தால் பாத்திரம் சிறுத்துவிடுகிறது. அதுவன்றி, எல்லாப் பிடிவாதத்துக்கும் தந்தையைப் பொறுப்பாக்குவது கதைக்காரர்களின் சோம்பல். வேண்டுவோர் அந்தத் தந்தையை வைத்துக்கொள்ளலாம். எனக்கு அவர் வேண்டா.

4

இரண்டாம் தேர்வின் முடிவு வந்தது. லோம்பேயும் கசோந்தேயும் தேறினார்கள். லோம்பே மணமாகிக் கசாமாவுக்குப் போனாள். கசோந்தேக்கு லுசாகாவில் வேலை கிடைத்தது.

தொடக்கத்தில் அவன் தொலைபேசியில் அழைப்பான். “ஏ கலுபா, இங்க ஆபீசுல யாரும் யாரையும் ‘யாரு சொன்னது’ன்னு கேக்குறதில்ல. மேனேஜர் சொன்னா அப்படியே எழுதிக்கிறாங்க. நான் ஒருநாள் கேட்டுட்டேன். ஒரு வாரம் என்னைக் கிடங்குல போட்டுட்டாங்க.”

“நல்லா வேணும்.”

“நீ எப்படிப் படிக்கிற?”

“நானே கேக்குறேன், நானே சொல்றேன்.”

“ஐயம்?”

“அதுக்குத்தான் ஆளில்ல.”

அவன் சிரித்தான். பிறகு அழைப்புகள் குறைந்தன. எல்லாரையும் ஒருங்கே வாழ்த்தும் படங்கள் வந்தன. பிறகு அவையும் இல்லை. அவன்மேல் குற்றமில்லை. லுசாகா பெரிய ஊர்.

கேட்கவும் சொல்லவும் ஒருத்தியால் முடியும். ஐயுற மட்டும் முடியாது என்பதைக் கலுபா கண்டுகொண்டாள். ‘யாரு சொன்னது’ என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்தாள். கேள்வி வருமென்று முன்பே தெரிந்திருந்தது. தன் விலாவைத் தானே கூச்சங்காட்டிச் சிரிக்க இயலாதல்லவா, அதுபோல. தேநீர்க்கடையில் எதிர் நாற்காலியை நோக்கி அவள் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று நான் முடிவுசெய்திருக்கிறேன். (உண்மைப் பெண் எதற்குக் காத்திருந்தாள் என்பது அவளுக்கே வெளிச்சம். மழை விடட்டும் என்றுகூட இருக்கலாம்.)

5

பனா தெம்வா என்பவள் வளவின் எதிர் அறைக்காரி. தெம்வா என்னும் ஒன்பது வயதுப் பெண்ணின் தாய். கபென்டா என்கிற பொடிமீனைச் சந்தையில் கூறுகட்டி விற்பவள். மாலையில் குழாயடியில், அதாவது கலுபாவின் வாசற்படிக்கு முன், தட்டுகளையும் சாக்குகளையும் அலசுவாள். இருவரும் அதுவரை பேசியதெல்லாம் வாளி நிறைந்ததா, நிறையவில்லையா என்பது மட்டுமே.

“பனா தெம்வா, ஒரு உதவி வேணும்.”

“சர்க்கரையா? தீர்ந்துபோச்சு.”

“சர்க்கரை இல்ல. நான் ஏதாவது சொல்லுவேன். சொல்லி முடிச்சதும் நீங்க ‘யாரு சொன்னது’ன்னு கேக்கணும். அவ்வளவுதான்.”

“எதுக்கு? சண்டை இழுக்கவா?”

“படிக்க.”

பனா தெம்வா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “பாவம், தனியா இருந்து இருந்து இப்படி ஆயிடுச்சு,” என்று சாக்கிடம் சொன்னாள். ஆயினும் தலையசைத்தாள். பழகிக்கொள்ளட்டும் என்று, தான் தேறிவிட்ட பொருளியல் தாளிலிருந்தே கலுபா தொடங்கினாள்.

“வாய்ப்புச் செலவுன்னா, ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது நாம கைவிட்டதுல எது சிறந்ததோ, அதோட மதிப்பு.”

“…”

“பனா தெம்வா.”

“ஆங். யாரு சொன்னது?”

“இப்ப நீங்க சாக்கு அலசுறீங்க. அலசலைன்னா என்ன செஞ்சிருப்பீங்க?”

“படுத்திருப்பேன்.”

“அந்தப் படுக்கைதான் இந்தச் சாக்கோட வாய்ப்புச் செலவு.”

“என் படுக்கை உனக்கு எதுக்கு?”

“உதாரணத்துக்கு.”

“உன் படுக்கையை உதாரணம் வெச்சுக்க.”

நல்ல ஐயக்காரி என்று அவளைச் சொல்ல முடியாது. வாக்கியத்தின் நடுவிலேயே கேட்டுவிடுவாள். சிலபோது மறந்து, “சரி சரி, அப்படியே இருக்கட்டும்,” என்று முடித்துவிடுவாள். தேய்மானத்தைப் பற்றிக் கலுபா விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், நிலுவை வாடகைக்கு வந்த வீட்டுக்காரரிடம் பழக்கத்தில் “யாரு சொன்னது?” என்று கேட்டுவிட்டாள். அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அன்று இருவரும் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது.

பதினான்காம் வினாவையும் கலுபா அவளிடம் சொன்னாள். பழைய விடையையே சொன்னாள்.

“யாரு சொன்னது?”

கலுபா கடைக்குச் சுண்ணாம்பு அடிப்பதையும் பலகையில் பேர் எழுதுவதையும் சான்றுக்கு இழுத்து மெய்ப்பிக்கத் தொடங்கினாள். பனா தெம்வா கொட்டாவி விட்டாள். தட்டுகளை அடுக்கினாள். எதிர் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

இங்கே ஒரு செய்தியை நான் ஒளிக்கலாகாது. அத்தனை மாலைகளில் ஒருநாள்கூடப் பனா தெம்வா அவளை ‘உள்ளே வா’ என்று அழைத்ததில்லை. அலசல் முடிந்தால் விவாதமும் முடிந்தது. இருவருக்கும் இடையே இருந்தது உறவா, அல்லது குழாயடி நிழலுக்குக் கொடுத்த வாடகையா? எனக்குத் தெரியவில்லை. கலுபாவுக்கும் தெரியவில்லை. தேர்வைப்போலவே அதுவும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

6

கதைக்கு இப்போது ஒரு நிகழ்ச்சி வேண்டும்.

[தெம்வாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில்—]

மாட்டேன். ஒரு குறிப்பேட்டுப் பதிவை விளக்குவதற்காக ஒன்பது வயதுக் குழந்தையைக் கொல்ல மாட்டேன். வினாவில் கூட்டாளியைக் கொல்வது வேறு.

பனா தெம்வாவின் தம்பியைத் தேர்ந்தெடுத்தேன். சுமையுந்து பழுதுபார்ப்பவன், முப்பது வயதிருக்கும். கதையில் அவன் இதுவரை வரவில்லையாதலால், அவனைக் கொல்வது எளிதாக இருந்தது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக இறந்தான். (எப்படி என்று நீங்களும் கேட்கவில்லை.) அழுகை எழுந்ததும் வளவே இழவு வீடாயிற்று. எதிர் அறையின் தட்டுமுட்டுகளை வெளியே எடுத்துவைத்துத் தரையில் பாய் விரித்தார்கள். ஆண்கள் முற்றத்தில் தீ மூட்டி உட்கார்ந்தார்கள். அடக்கத்துக்கு நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புறப்பாடு என்று சொன்னார்கள்.

தேர்வும் அன்று காலை ஒன்பது மணிக்கே. இரண்டு மணிகளையும் வைத்தவன் நான்தான். ஒன்றைப் பதினொன்றாக மாற்றினால் அனைவர்க்கும் நிம்மதி. கதை மட்டும் இராது.

அந்த ஊரில் அடுத்த வாசல் அடக்கத்துக்குப் போகாதிருப்பது இலேசான செயலன்று. எவரும் ஒரு சொல் கேட்க மாட்டார்கள். ஆனால் யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஊருக்குத் தெரியும். வராதவளின் வாசலில் நாளை ஓர் அழுகை எழுந்தால், அழுகிறவள் தனியே அழுது முடிக்க வேண்டியதுதான்.

தேர்வுக்கு முந்திய நாள் பிற்பகல், கலுபா முனைக் கடையில் ஒரு மூட்டை சோளமாவு வாங்கினாள். பாவாடைக்கு மேல் சிதெங்கே துணியைச் சுற்றிக் கட்டினாள். அது இல்லாமல் பெண்கள் இழவு வீட்டுப் படி ஏறுவதில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றினாள். அவள் அறைக்கும் எதிர் அறைக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு எட்டுகள் இருக்கும். ஆயினும் கடைத்தெருவைச் சுற்றி, வளவின் முன்வாசல் வழியாகவே வந்தாள்.

(ஏன் சுற்றி வந்தாள்? கடையிலிருந்து அதுதான் வழி என்றும் சொல்லலாம். ஊர் பார்க்கட்டும் என்றும் சொல்லலாம். எழுதும்போது நான் இரண்டையும் நினைத்தேன்.)

வாசலில் ஒருவர் வரும் பொருள்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

“யாரு பேருல எழுத?”

“கலுபா.”

“பனா யாரு?”

“கலுபாதான்.”

எழுதுகோல் நின்றது. “எந்த வீடு?”

“இந்த வளவுதான். குழாயடி அறை.”

‘குழாயடி அறை, மாவு, ஒரு மூட்டை’ என்று அவர் எழுதிக்கொண்டார்.

உள்ளே பெண்கள் காலை நீட்டிச் சுவரோரமாக அமர்ந்திருந்தார்கள். கலுபா முதன்முறையாக அந்த அறைக்குள் வந்தாள். வாசற்கதவை ஒட்டிக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். பனா தெம்வா தலைத்துணியின்றி, தொண்டை கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நாளைக்கு உனக்குப் பரீட்சை.”

“ஆமா.”

“அப்புறம் யாரு சொன்னது, இங்க வந்து உட்காரச் சொல்லி?”

இரண்டொரு தலைகள் திரும்பின.

புத்தகத்தைத் திறக்காமல் மெய்ப்பிக்க வேண்டும். கலுபா சிதெங்கேயின் முனையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். பனா தெம்வா மறுபடியும் தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அந்தக் கேள்வியை நான் உரக்கப் படித்துப் பார்த்தேன். கடிந்து படித்தேன்; பொருந்திற்று. ‘போய்ப் படி, பிள்ளாய்’ என்று விடைகொடுக்கும் குரலில் படித்தேன், அதுவும் பொருந்திற்று. துயரத்தில் மனம் எங்கோ இருக்க, மாலைப் பழக்கம் தானே நாவில் வந்ததுபோலப் படித்தேன். ஐயோ, அதுதான் எல்லாவற்றினும் நன்றாகப் பொருந்திற்று. பனா தெம்வாவைக் கேட்கலாம் என்றால், அவளை உண்டாக்கியவன் நான். எனக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்?

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று. கலுபா அடக்கத்துக்குப் போகிறாள். திறந்த சுமையுந்தில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விடுகிறார்கள். பனா தெம்வா அவள் தோளில் சாய்கிறாள். இதை எழுதியபோது என் கண் கலங்கிற்று, ஆகவே ஐயுற்றேன். நெகிழ்ச்சி வாசகருக்கு, இழப்பு கலுபாவுக்கு. பற்றும் வரவும் ஒரே ஏட்டில் விழவில்லை. அவளுடைய பதிவை நீக்கிவிட்டு நாம் கண்ணைத் துடைத்துக்கொள்வது முறையன்று.

இரண்டு. கலுபா தேர்வுக்குப் போகிறாள், தேறுகிறாள். மாலையில் குழாயடியில் பனா தெம்வா வாளி நிறைந்ததா என்று கேட்கிறாள். வேறொன்றும் கேட்பதில்லை, அன்றும், அதற்குப் பின் என்றும். இது தண்டனை. பாடத்தில் தேற விரும்பியதற்காக ஒருத்தியைத் தண்டிக்க நான் யார்?

மூன்று. மழை பெய்கிறது. அடக்கம் பிற்பகலுக்குத் தள்ளிப்போகிறது. கலுபா இரண்டுக்கும் போகிறாள். இது கருணை மதிப்பெண். பணியில் இருந்த நாளில் நான் எவருக்கும் போட்டதில்லை.

8

ஆகவே, என்னால் ஐயமின்றிச் சொல்ல முடிந்த அளவு மட்டும் சொல்கிறேன்.

காலையில் கலுபா தேர்வுக்குரிய பாவாடையை உடுத்தி, அதன்மேல் சிதெங்கேயையும் கட்டிக்கொண்டாள். முற்றத்துத் தீயைக் கடந்தபோது தலைகுனிந்து சென்றாள். எவரும் அழைக்கவில்லை, எவரும் தடுக்கவில்லை. கல்லூரிக்குப் போனாள். தேநீர்க்கடையில் கண்ட பெண் எந்தத் தேர்வுக்காக அப்படிக் காத்திருந்தாளோ, அதை எழுதாமல் விட்டாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கலுபாவைத் தேர்வறைக்கு அனுப்பியதற்கு இதுவே காரணம். வாயிலில் சிதெங்கேயை அவிழ்த்து மடித்துப் பையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள்.

வினாத்தாளில் அது வந்திருந்தது. இம்முறை கடைக்காரர் பெயர் வேறு. மூட்டை ஒன்று. நான்கு மதிப்பெண்.

அப்போது வெளியே பாட்டுக் கேட்டது. இழவு வீட்டுப் பெண்கள் சுமையுந்தின் மேல் நின்று பாடிச் செல்லும் பாட்டு. (இடுகாட்டுக்குப் போகும் சாலை கல்லூரி வழியாகப் போவதில்லை. நான் திருப்பிவிட்டேன். இந்த ஒரு சலுகையை எனக்குத் தாருங்கள்.) தொண்டை கட்டிய குரல் ஒன்றை அதில் தேடினாள். எல்லாம் ஒரே குரலாய் இருந்தது. சாலை முனையில் திரும்பித் தேய்ந்தது.

கலுபா தாளைப் பார்த்தாள். எப்போதும் செய்வதுபோல, ஐயமில்லாததை முதலில் எழுதினாள்: மேல் வரியை வெறுமையாக விட்டு, கீழ் வரியில், சற்று உள்தள்ளி, கொள்முதல் கணக்கு. பிறகு எழுதுகோலை மேலே கொண்டுபோனாள்.

அங்கே நிற்கிறது.

‘எடுப்பு’ என்று எழுதினால் நான்கு மதிப்பெண், தேறிவிடுவாள். விதி கேட்கும் சொல்லும் அதுதான்: சொந்தத் தேவைக்கு எடுத்தது. ஆனால் நேற்று அவள் சுமந்த மூட்டைக்குப் பின்னால் கடை இல்லை, வாடிக்கையாளர் இல்லை, மறுவாரம் இல்லை. அதைச் சொந்தம் என்று எழுத, அவளைச் சொந்தமென்று ஏற்கும் ஓர் ஆள் வேண்டும். ‘வியாபாரச் செலவு’ என்று எழுதினால், ஒரு மூட்டை மாவு கொடுத்து ஒரு பாயில் இடம் வாங்கப் போனவள் ஆவாள், கல்லூரிப் பதிவும் போய்விடும். அழுதுகொண்டே தூக்கினாளா, கணக்குப் போட்டுக்கொண்டே தூக்கினாளா என்று கேட்கக் கசோந்தே பக்கத்தில் இல்லை. அவளுக்குத் தெரிந்த பதில் அவனுக்குச் சொன்ன அதே பதில்தான். அதற்குக் கணக்குத் தலைப்பு கிடையாது. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கேட்பவன் இடத்தில் இவ்வளவு நேரம் நான் இருந்தேன். விடை சொல்லும் இடத்தில் கலுபா இருக்கிறாள். விவாதத்துக்கு மூவர் வேண்டும். மேல் வரியில் என்ன விழ வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதை அவளுக்காக எழுதிவிடுங்கள்; நான் திருத்த மாட்டேன். ஆனால் எழுதிய கையோடு எழுந்து போய்விடாதீர்கள். எதிர் நாற்காலியில் சற்றே அமர்ந்து, அவளிடம் ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எந்தக் குரலில் கேட்பது என்பதையும் உங்களுக்கே விட்டேன்.

குறிப்பேடு

………………………………… கணக்கு — ப
        கொள்முதல் கணக்கு — வ
(இழவு வீட்டுக்கு மாவு கொண்டுசென்றதற்காக)